தொடலாம், திறக்கலாம், பிரித்துப் பார்க்கலாம்: குழந்தைகள் அருங்காட்சியகங்களின் வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்த் தொட்டி, கப்பி, ஆளுயர சோப்புக் குமிழி, ஏறி இறங்க ஒரு தீயணைப்பு வண்டி என்று குழந்தைகள் கைவைத்துப் பழகும் அருங்காட்சியகங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. இவை எங்கிருந்து வந்தன, யார் தொடங்கினார்கள், ஏன் தொடங்கினார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் முதலில் எங்கே தொடங்கியது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். 1899 டிசம்பர் 16 அன்று, ஒரு பூங்காவுக்குள் இருந்த பழைய மாளிகையில் புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்காக மட்டுமே அமைந்த உலகின் முதல் அருங்காட்சியகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். புரூக்ளின் கலை அறிவியல் கழகத்தின் ஒரு கிளையாக அது ஆரம்பித்தது. யோசனையைச் சொன்னவர் அந்தக் கழகத்தில் கலைப்பிரிவின் காப்பாட்சியராக இருந்த வில்லியம் ஹென்றி குட்இயர்.

அதற்கு முன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் போனதே இல்லையா?

போனார்கள், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அந்த இடங்கள் பெரியவர்களின் உயரத்துக்கும் படிப்புக்கும் ஏற்றபடி கட்டப்பட்டவை. கண்ணாடிப் பேழைகள் குழந்தையின் தலைக்கு மேலே இருக்கும். விளக்க அட்டைகளில் லத்தீன் பெயர்கள் இருக்கும். குழந்தையைப் பார்த்தாலே காவலாளி இரண்டடி கிட்டே வருவார்.

இந்த நிலையை மாற்ற முயன்ற ஒரு பெரிய நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலராக இருந்த வானியலாளர் சாமுவேல் லாங்லி 1901ல் அங்கே குழந்தைகள் அறை ஒன்றைத் திறந்தார். பேழைகளைக் கீழே இறக்கி வைத்தார், அட்டைகளில் எளிய சொற்களை எழுதச் சொன்னார், உயிருள்ள பறவைகளையும் மீன்களையும் அறைக்குள் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய மரியாதை. ஆனாலும் பொருட்கள் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தன.

அப்படியென்றால் தொடுவதற்கு முதலில் அனுமதித்தது யார்?

இந்த வரலாற்றைச் சொல்பவர்களில் பலர் நேராக 1960களுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுபது ஆண்டு உழைப்பை அது மறைத்துவிடுகிறது. குறிப்பாக, அன்னா பில்லிங்ஸ் கேலப் என்ற பெண்மணியை மறைத்துவிடுகிறது.

கேலப் உயிரியல் படித்தவர், ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1902ல் புரூக்ளினில் உதவிக் காப்பாட்சியராகச் சேர்ந்தார். 1904ல் தலைமைப் பொறுப்புக்கு வந்து 1937 வரை அங்கேயே இருந்தார். ஒரு தலைமுறைக்கும் மேல் அந்த இடத்தைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். இந்த இடம் முழுக்கத் தனக்காகவே இருக்கிறது என்று குழந்தை உணர வேண்டும் என்பதை அவர் எழுதியும் வைத்தார், நடைமுறையிலும் செய்து காட்டினார்.

எப்படி? பதம் செய்த பறவைகள், பூச்சிகள், கனிமங்கள் போன்றவற்றை, நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதுபோல, பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு பத்து வயதுப் பெண் பதம் செய்த பறவை இருக்கும் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். இறக்கையின் வரிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எண்ணலாம், தம்பிக்கு அலகைக் காட்டலாம், பார்த்து வரையலாம். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியைக் கேட்கலாம். ஒரு அருங்காட்சியகம் குழந்தையை இந்த அளவுக்கு நம்பியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. இது போக, இயற்கை ஆய்வுக் குழுக்கள் நடந்தன. கம்பியில்லாத் தந்தி புதிதாக வந்திருந்த அந்த ஆண்டுகளில், பிள்ளைகளும் சேர்ந்து அங்கே ஒரு தந்தி நிலையத்தையே அமைத்தார்கள்.

பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகம் இதே பாணியில் உருவானதா?

கொஞ்சம் வேறு வழியில். அங்கே முன்கை எடுத்தவர்கள் அறிவியல் ஆசிரியர்கள். வகுப்பில் காட்டப் பொருள் கிடைக்கவில்லை என்ற தட்டுப்பாட்டில், 1909ல் தங்களுக்குள் ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு பாடப்பொருட்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1913 ஆகஸ்ட் 1 அன்று, பாஸ்டன் நகரின் ஜமைக்கா என்ற குளத்தின் கரையில் இருந்த பைன்பேங்க் மாளிகையில் அருங்காட்சியகம் பிறந்தது. முதலில் காட்சிக்கு வைத்தது இரண்டே பேழைகள்: ஒன்றில் பறவைகள், இன்னொன்றில் கனிமங்களும் சங்கு சிப்பிகளும். குழந்தையின் கண் மட்டத்தில் வைத்தார்கள், எளிய மொழியில் எழுதினார்கள். 1936ல் அருகிலேயே பர்ரோஸ் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள்.

இதற்கிடையில் 1917ல் டெட்ராய்ட்டிலும், 1925ல் இண்டியானாபோலிஸிலும் இதுபோன்ற இடங்கள் வந்துவிட்டன. இண்டியானாபோலிஸில் தொடங்கியவர் மேரி ஸ்டூவர்ட் கேரி. 1924ல் புரூக்ளின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இது நம் ஊரிலும் வேண்டும் என்று முடிவெடுத்தவர். இன்று உலகிலேயே பெரிய குழந்தைகள் அருங்காட்சியகம் அதுதான்.

1960களில் அப்படி என்னதான் மாறியது?

1962ல் மைக்கேல் ஸ்பாக் பாஸ்டனுக்கு இயக்குநராக வந்தார். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். ஆனால் அப்பாவின் பெயரைவிட முக்கியமான ஒன்று அவரிடம் இருந்தது. சிறுவயதில் அவருக்கு வாசிப்பில் கடும் சிரமம், டிஸ்லெக்சியா. எழுத்து கைகொடுக்காத ஒரு பையனுக்குப் பொருட்கள் எவ்வளவு பேசும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் வைத்த ஒரு காட்சியின் கேள்வி மிக எளிது: உள்ளே என்ன இருக்கிறது? பேஸ்பால் பந்தைப் பாதியாக வெட்டி வைத்தார்கள். ரொட்டி சுடும் டோஸ்டரைத் திறந்து வைத்தார்கள். தெருவையே குறுக்காக வெட்டியதுபோல ஓர் அமைப்பைச் செய்து, பாதாளச் சாக்கடை வாய் வழியாகப் பிள்ளைகள் கீழே இறங்கிக் குழாய்களைப் பார்க்கும்படி வைத்தார்கள்.

பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் கையில் இருக்கும் பொருள் அது. வெட்டிப் பார்த்தால் தோலுக்கு உள்ளே மைல் கணக்கில் நீளுமோ என்று தோன்றும்படி இறுகச் சுற்றிய நூல், அதற்கும் நடுவில் ரப்பர் போர்த்திய சின்னக் கார்க் உருண்டை. “ஓ, அதனால்தான் இது இப்படித் துள்ளுகிறதா” என்று யாரும் சொல்லித்தராமலே குழந்தை கேட்கிறது. அபூர்வமான பொருளைக் காட்டுவதுதான் அருங்காட்சியகத்தின் வேலை என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, வீட்டில் கிடக்கும் பொருளையே அபூர்வமாக்கிக் காட்டியது இந்தக் காட்சி. ஸ்பாக்கின் பெரிய பங்களிப்பு இதுதான் என்பேன். எதைப் பற்றிய அருங்காட்சியகம் என்பதைவிட யாருக்கான அருங்காட்சியகம் என்பதே முக்கியம் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். கேலப் தொடங்கிவைத்த எண்ணத்தை ஒரு நிறுவனத்தின் கொள்கையாகவே அவர் ஆக்கினார்.

பாட்டி வீட்டுப் பரணைப் போல ஓர் அறை வைத்து, பழைய காலத்து உடைகளைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்க விட்டார்கள். மேசையையும் அதன் மேல் இருக்கும் தொலைபேசியையும் பல மடங்கு பெரிதாகச் செய்து, ஓர் அரக்கனின் மேசையில் ஏறி நிற்கும் அனுபவத்தைக் கொடுத்தார்கள். பள்ளிகளுக்கு அனுப்ப, பொருட்களும் செயல்பாடுகளும் அடங்கிய பெட்டிகளைத் தயாரித்தார்கள். தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டு துணுக்குகளை ஆசிரியர்கள் வாங்கிப்போய் வகுப்பில் பயன்படுத்துவதற்கென்றே ஒரு கடையையும் நடத்தினார்கள். ஸ்பாக் 1985 வரை அங்கே இருந்தார்.

எல்லாவற்றையும் தொட விட்டால் அரிய பொருட்கள் பாழாகாதா?

ஆகும். கைவியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. உலோகம் கறுக்கும், துணி நையும், இறகு உதிரும். அதனால் இந்த அருங்காட்சியகங்கள் சேகரிப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டன. ஒரே ஒரு பிரதி இருக்கும் பொருள், மீண்டும் கிடைக்காத பொருள் எல்லாம் பாதுகாப்பில் இருக்கும். வேறு பிரதி கிடைக்கக்கூடியது, நகல் செய்யக்கூடியது கைகளுக்குப் போகும். கைகளுக்குப் போகும் பொருள் தேயத்தான் செய்யும் என்பது முதலிலேயே கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பலரும் மறந்துவிடும் விஷயம், இந்த இடங்களுக்கு உண்மையான சேகரிப்பும் உண்டு என்பது. புரூக்ளினில் சுமார் 30,000 பொருட்கள் இருக்கின்றன. பாஸ்டனில் ஜப்பானின் கியோட்டோ நகரம் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு பட்டு வணிகரின் வீடே இருக்கிறது. கழற்றிக் கொண்டுவந்து, அருங்காட்சியகத்துக்குள் மறுபடி பூட்டிய உண்மையான மரவீடு. குழந்தைகள் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்காருகிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியமும் குழந்தைகள் அருங்காட்சியகம்தானா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. அது எல்லா வயதினருக்குமான அறிவியல் கூடம். ஆனால் அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே முடியாது.

1969ல் அதைத் தொடங்கியவர் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949ல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். பழைய எந்திரங்களைப் பிரித்துப் பாடம் நடத்தும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்தது. மறுபடி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, மாணவர்கள் தாங்களே எடுத்துச் செய்து பார்க்க ஒரு சோதனை நூலகத்தை உருவாக்கினார். 1965ல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் பிறந்ததுதான் எக்ஸ்ப்ளோரடோரியம்.

பட்டறையை மூடி மறைக்காமல் பார்வையாளர் கண்முன்னே வைத்தார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே விளக்குநர்களாக வேலைக்கு அமர்த்தினார். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், தங்கள் காட்சிகளை எப்படிச் செய்வது என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதி வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். இன்று உலகின் எந்தக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் காற்றில் மிதக்கும் ஒரு பந்தைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி காட்சிகள் ஊர் ஊராகப் பரவியதற்கு இந்தத் தாராளம் ஒரு முக்கியக் காரணம். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்று ஓப்பன்ஹைமர் சொல்வார். மதிப்பெண்ணுக்குப் பயந்து வளரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதை யாராவது சொல்ல வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. இதுவும் “செய்து பார்ப்பது” தானே?

ஓரளவுக்குத்தான். பொத்தான், கைப்பிடி என்பதெல்லாம் இந்தக் கதையில் பழசு. மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம் 1903ல் நிறுவப்பட்டது. அதை உருவாக்கிய ஓஸ்கர் ஃபான் மில்லர், பார்வையாளர்களே இயக்கிப் பார்க்கும் மாதிரிகளை வைத்தார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் குழந்தைகள் பகுதி 1931ல் திறந்தது. பொத்தான் அழுத்தும் மாதிரிகளுக்கு அங்கே பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள்.

ஆனால் பொத்தானில் ஒரு குறை உண்டு. என்ன நடக்கும் என்பதை வடிவமைத்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். குழந்தை அழுத்துகிறது, விளக்கு எரிகிறது, கதை முடிந்தது. அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடும்.

காற்றில் மிதக்கும் அந்தப் பந்தைப் பாருங்கள். கீழிருந்து ஒரு கூம்பு வழியாகக் காற்று வேகமாக வருகிறது, பந்து மேலே நிற்கிறது. குழந்தை பந்தை ஓரத்துக்கு மெல்ல இழுத்தால், அது திரும்ப நடுவுக்கே போகப் பார்ப்பது கைக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் சட்டென்று விழுந்துவிடும். எந்த இடத்தில் விழுகிறது? கூம்பைச் சாய்த்தால் விழுமா, விழாதா? இரண்டு பந்து வைக்கலாமா? கேள்விகளைக் குழந்தையே உண்டாக்கிக்கொண்டு போகிறது. வேகமாக ஓடும் காற்றின் ஓட்டத்தைப் பந்து வளைக்கிறது, அதன் எதிர்வினையாகப் பந்து உள்ளே இழுக்கப்படுகிறது என்ற விளக்கத்தைப் பிற்பாடு வகுப்பில் படிக்கும்போது, கை அதை ஏற்கெனவே அறிந்திருக்கும். ஒரு காட்சி நல்லதா என்று நான் பார்ப்பது இதைத்தான்: வடிவமைத்தவர் நினைக்காத ஒன்றைக் குழந்தை அதில் செய்ய முடிகிறதா?

இதற்குப் பின்னால் கல்விக் கோட்பாடு ஏதாவது உண்டா?

உண்டு. மரக்கட்டை, உருண்டை என்று குழந்தையின் கையில் கொடுத்த ஜெர்மன் கல்வியாளர் ஃபிரோபெல்லின் மழலையர் கல்வி, 1896ல் சிகாகோவில் தத்துவ அறிஞர் ஜான் டூயி தொடங்கிய ஆய்வகப் பள்ளி, 1907ல் ரோமில் மரியா மாண்டிசோரி திறந்த குழந்தைகள் இல்லம், சிந்தனை செயலிலிருந்து வளர்கிறது என்று காட்டிய உளவியலாளர் பியாஜே எல்லாம் இந்த ஓடையில் கலந்திருக்கின்றன. பிலடெல்பியாவில் 1976ல் திறந்த ஓர் அருங்காட்சியகத்துக்குத் “தயவுசெய்து தொடவும்” என்றே பெயர் வைத்தார்கள். அதை நிறுவிய போர்ஷியா ஸ்பெர் ஒரு மாண்டிசோரி ஆசிரியை.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு எப்போது இடம் கிடைத்தது?

தாமதமாகத்தான். தொடக்க கால அருங்காட்சியகங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளை நினைத்தே இயங்கின. அக்கா அண்ணனோடு வந்த மழலைகள் கூட்டத்தில் இடிபட்டார்கள். 1970களின் இறுதியில் பாஸ்டனில் ஜெரி ராபின்சன், மழலைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு தனி இடம் அமைத்தார். தவழ, ஏற, ஒளிந்துகொள்ள வசதி. பக்கத்திலேயே அம்மா அப்பா உட்கார்ந்து குழந்தையைக் கவனிக்கவும், ஒருவரோடு ஒருவர் பேசவும் வசதி. இன்று இப்படி ஒரு மூலை இல்லாத குழந்தைகள் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது அரிது.

கட்டடங்களுக்கும் வரலாறு உண்டா?

உண்டு, சுவையானது. புரூக்ளினின் பழைய மாளிகைகளை இடித்துவிட்டு, 1977ல் பெரும்பகுதி பூமிக்கு அடியில் இருக்கும் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். உள்ளே நடக்கும் வழி ஒரு பிரம்மாண்டமான நெளி உலோகக் குழாய், அதன் கூடவே ஓடும் தண்ணீர். குழந்தைகள் அதில் கையைவிட்டு அணை கட்டி விளையாடலாம். கட்டடமே ஒரு காட்சி. 2008ல் ரஃபேல் வினோலியின் வடிவமைப்பில் மஞ்சள் ஓடுகள் பதித்த விரிவாக்கம் வந்தது. பாஸ்டன் 1979ல் துறைமுகக் கால்வாய் ஓரத்தில் இருந்த பழைய கம்பளிக் கிடங்குக்கு மாறியது. அப்போது ஆள் நடமாட்டம் குறைந்திருந்த பகுதி அது. மாளிகையிலிருந்து கிடங்குக்கு வந்ததில் இடம் பெருகியது, கெடுபிடியும் குறைந்தது.

சாவு, ஊனம் போன்ற விஷயங்களையும் காட்டினார்களா?

காட்டினார்கள். 1984ல் பாஸ்டனில் மரணத்தையும் இழப்பையும் பற்றி ஒரு காட்சி வைத்தார்கள். குழந்தைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழும். ஆனால் தாத்தாவையோ வளர்த்த நாயையோ இழந்த குழந்தைக்கு அந்தக் கேள்விகள் ஏற்கெனவே மனதில் இருக்கின்றன. பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் அதன் சிக்கல். பார்வை, செவித்திறன், நடமாட்டம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத்தைப் புரியவைக்கும் காட்சியையும் அதற்கு முன்பே அங்கே செய்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த பையனுக்குச் சாய்தளம் ஏன் வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

மற்ற நாடுகளுக்கு எப்படிப் பரவியது?

1970களுக்குப் பிறகு மளமளவென்று. 1975ல் அமெரிக்காவிலேயே சுமார் 38 தான் இருந்தன. பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின. வெனிசுவேலாவின் கராகஸில் 1982, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் 1992, மெக்சிகோ நகரில் 1993, வியன்னாவிலும் மணிலாவிலும் 1994, ரோமில் 2001, ஜோர்டானின் அம்மானில் 2007 என்று பட்டியல் நீளும்.

இது வெறும் விளையாட்டு மைதானம்தானே? நுழைவுக் கட்டணம் வாங்கும் பூங்கா என்று சொல்லலாமா?

சில இடங்கள் அப்படி ஆகிவிட்டது உண்மைதான். பிளாஸ்டிக் காய்கறிகளோடு ஒரு சின்னக் கடை, ஒரு சறுக்கு, பிறந்தநாள் விழா அறை என்று நின்றுவிட்டால் அதை அருங்காட்சியகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழந்தை விளையாடுகிறது என்பதற்காகவே குறை சொல்வதும் சரியில்லை. தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் நின்று மதகைத் திறந்து மூடும் குழந்தை விளையாடத்தான் செய்கிறது. கூடவே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் படித்துக்கொண்டிருக்கிறது. உண்மையான பொருள், உண்மையான விளைவு, யோசித்துச் செய்த வடிவமைப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு காட்சியை எப்படித் தயார் செய்கிறார்கள்?

முதலில் அட்டை, டேப், மரத்துண்டு வைத்து மலிவாக ஒரு மாதிரி. அதைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். குழந்தை எதை முதலில் பிடிக்கிறது, எங்கே குழம்புகிறது, எப்போது விட்டுவிட்டுப் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றும் என்று எழுதி வைத்திருந்தாலும் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இரண்டு பக்கமும் சுற்ற விடுவார்கள். இப்படிப் பல சுற்று திருத்திய பிறகே எஃகிலும் மரத்திலும் செய்வது. திறந்த பின்னும் வேலை முடியாது. ஒவ்வொரு நாளும் ஏதாவது உடையும், பழுது பார்க்க ஆளும் பட்டறையும் இல்லாத இடம் சில மாதங்களில் “பழுதடைந்துள்ளது” அட்டைகளால் நிறைந்துவிடும்.

2020ல் கொரோனா வந்தபோது என்ன ஆனது?

தொடுவதையே மூச்சாகக் கொண்ட இடங்கள் என்பதால் பலத்த அடி. மூடியிருந்த மாதங்களில் பல அருங்காட்சியகங்கள் வீட்டில் செய்து பார்க்கும் செயல்பாடுகளை இணையத்தில் கொடுத்தன. பொருட்களைப் பைகளில் போட்டு வீடுகளுக்கு அனுப்பியவையும் உண்டு. புரூக்ளினில் கேலப் காலத்துப் பிள்ளைகள் பெட்டிகளை வீட்டுக்கு எடுத்துப் போன வழக்கம் நூறாண்டு கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது. பிறகு நேரம் பிரித்து, ஆட்களைக் குறைத்து, துடைத்துத் துடைத்து மெல்லத் திறந்தார்கள்.

குழந்தையைக் கூட்டிப்போகும்போது பெரியவர்கள் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் விட்டுவிடுங்கள். “இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா?” என்று பாடம் எடுக்கத் தொடங்காமல், “இப்படிச் செய்தால் என்ன ஆகும்?” என்று நீங்களும் ஒரு கை வையுங்கள். விளக்க அட்டையை நீங்கள் படித்துக்கொள்ளுங்கள், குழந்தை கேட்டால் சொல்லலாம். அப்புறம், மாற்றுத் துணி எடுத்துப் போக மறக்காதீர்கள், தண்ணீர்த் தொட்டி நிச்சயம் இருக்கும்.